பத்து விரலும் ஒரு பொலிஸ் றிப்போட்டும்

பெருவிரலை உடம்பை நோக்கி உள்ளே உருட்ட வேண்டும். மற்ற நான்கு விரலையும் உடம்பை விட்டு வெளியே உருட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் முழங்கை முறுகும், விரல் நடுவழியில் வழுக்கும், மை இழுபடும், அட்டை குப்பைக்கூடைக்குப் போகும். பிறந்த நாள் முதல் பத்து விரலோடு திரிகிறேன். அவற்றுக்கு இப்படி ஒரு திசை இருப்பது எனக்குத் தெரியாது! நம்பாவிட்டால் இப்போதே மேசையில் ஒருதரம் உருட்டிப் பாருங்கள். பெருவிரல் உள்ளே வரும்போது தோள் இளகும். வெளியே போகச் சொன்னால் தோள் சண்டைக்கு நிற்கும்.

இந்த இரகசியம் கிடைத்த இடம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு சாதாரண மேசை. மேசையில் ஒரு கண்ணாடிப் பலகை, குழாயில் கறுப்பு அச்சு மை, கைப்பிடி போட்ட சின்ன றப்பர் உருளை, பழைய துணி, ஸ்பிரிட் போத்தல். என் மச்சாளுக்குத் துணையாகப் போனேன் என்பது வெளியே சொன்ன காரணம். உண்மைக் காரணம் விடுப்புப் பார்ப்பது.

மச்சாள் சில வருடம் ஸ்காபரோவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள். இப்போது அவுஸ்திரேலியாவில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். வயதானவர்களைத் தூக்கி இருத்தி, மருந்து கொடுத்து, அவர்களுடைய காசும் நகையும் கிடக்கிற அறைக்குள் போய்வருகிற வேலை. ஆகவே, இருந்த நாட்டிலெல்லாம் குற்றப் பதிவு இல்லையென்று கடதாசி கேட்கிறார்கள். நியாயம்தானே. இலங்கைக் கடதாசிக்குப் பெயரும் அடையாள அட்டையும் விலாசமும் போதும். கனடாக் கடதாசிக்குப் பத்து விரலும் வேண்டும். கனடாவின் மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி. இதற்கென்றே சி-216சி என்று ஒரு படிவம் வைத்திருக்கிறது.

விரல் பதிகிற உத்தியோகத்தர் குழாயிலிருந்து ஒரு பட்டாணி அளவு மையைப் பிதுக்கினார். அவ்வளவுதான். பிறகு உருளையை எடுத்து, தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற பதத்துக்கு அதைக் கண்ணாடி முழுவதும் இழுத்துவிட்டார். மை கூடினால் கோடுகளுக்கு இடையிலுள்ள பள்ளம் நிரம்பி விரல் வெறும் கறுப்புப் பொட்டாகிவிடும். குறைந்தால் கோடு அறுந்து அறுந்து விழும்.

“கையை விறைக்காதேங்கோ பிள்ளை. எனக்கு உதவி செய்ய வேண்டாம். உதவி செய்யிற ஆக்களாலைதான் அட்டை பழுதாகிறது.”

“அப்ப நான் என்ன செய்ய ஐயா?”

“அந்தக் கலண்டரைப் பாருங்கோ.”

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. விரலைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனிதக் கை தானாகவே உருளத் தொடங்கிவிடும். தூரத்தில் எதையாவது பார்க்கச் சொல்வது உலகம் முழுவதும் இந்தத் தொழிலில் இருக்கிற வித்தை. மச்சாள் கலண்டரில் நல்லநேரம் பார்த்துக்கொண்டிருந்த அந்த இடைவெளியில், நகத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை, முதலாம் மடிப்புக்குச் சற்றுக் கீழே வரை, ஒவ்வொரு விரலும் ஒரே உருளலில் கட்டத்துக்குள் இறங்கியது. பத்தும் முடிந்ததும் நான்கு விரலைச் சேர்த்து ஒரு தட்டு, மறுகை நான்கும் ஒரு தட்டு, பெருவிரல்கள் தனியே. எவ்.பி.ஐ.யின் எவ்.டி-258 அட்டையிலும் இதே ஒழுங்குதான். எண்ணிப் பார்த்தால் 14 பதிவு வரும். ஒருதரம் உருட்டியது போதாதா என்று கேட்டேன். உருட்டும்போது வலதுகைக் கட்டத்தில் இடதுகை விரல் விழுந்துவிட்டால் அதைக் காட்டிக்கொடுப்பது இந்தச் சேர்த்து வைத்த பதிவுதானாம். விரல்களுக்கும் வரிசையில் இடாப்புக் கூப்பிடுகிறார்கள்!

மை காய்கிற நேரத்தில் அட்டையை உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே பார்க்க விட்டார். ஐயோ, என்ன ஓர் உலகம்! உத்தியோகத்தர் அதை மூன்று குடும்பமாகப் பிரித்துக் காட்டினார். ஒரு பக்கத்தால் நுழைந்து மடங்கி அதே பக்கத்தால் வெளியே போகும் கோடுகள் கண்ணி. நடுவில் சுற்றிச் சுற்றி நிற்பவை சுழி. ஒரு பக்கத்தால் வந்து சற்று எழும்பி மறுபக்கத்தால் போய்விடுபவை வில். மனிதர் விரல்களில் 100க்கு 60 முதல் 65 வரை கண்ணி, 30 முதல் 35 வரை சுழி, வில் வெறும் 5. தாயின் வயிற்றில் பத்தாவது வாரத்துக்குப் பிறகு இந்தக் கோடுகள் எழும்பத் தொடங்கி, ஆறாம் மாதத்துக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு சாகும்வரை அதே வரைபடம்தான். ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கும் வேறு வேறு.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கணினி இல்லாத காலத்தில் இலட்சக்கணக்கான அட்டைக்குள் ஒரு அட்டையை எப்படித் தேடினார்கள்? கல்கத்தாவில் 1897இல் விரலடையாள நிலையம் தொடங்கியபோது இந்தக் கேள்விக்கு விடை தயாராக இருந்தது. வலது பெருவிரலில் தொடங்கி இடது சின்னிவிரல் வரை 1 முதல் 10 என்று எண் போடுங்கள். முதல் இரண்டு விரலுக்கும் 16 புள்ளி, அடுத்த சோடிக்கு 8, பிறகு 4, 2, 1. சுழி உள்ள விரலுக்கு மட்டும் புள்ளி; கண்ணிக்கும் வில்லுக்கும் பூச்சியம். இரட்டை எண் விரல்களின் கூட்டுத்தொகையை மேலே எழுதுங்கள், ஒற்றை எண் விரல்களின் தொகையைக் கீழே எழுதுங்கள், இரண்டோடும் 1 சேருங்கள். முடிந்தது! எனக்கு வலது பெருவிரலிலும் இடது மோதிர விரலிலும் சுழி. கீழே 16உம் 1உம் 17, அதோடு 1 சேர்த்து 18. மேலே வெறும் 1. ஆக நான் 1/18. சுழியே இல்லாதவர் 1/1. பத்திலும் சுழி உள்ளவர் 32/32. மொத்தம் 1024 பெட்டி. பொலிஸ்காரர் உங்கள் பெட்டியை மட்டும் திறந்தால் போதும்.

இந்த முறைக்கு உலகம் வைத்த பெயர் எட்வேர்ட் ஹென்றி. வங்காளப் பொலிஸின் தலைவராக இருந்தவர், பிறகு இலண்டன் போய் 1901இல் ஸ்கொட்லாண்ட் யார்டில் விரலடையாளப் பிரிவைத் தொடக்கியவர். புகையிரதத்தில் போகும்போது யோசனை பளிச்சிட்டு, கடதாசி இல்லாமல் சட்டைக் கைமடிப்பில் எழுதினார் என்று ஒரு கதையும் சுற்றுகிறது. கணக்கை உண்மையில் போட்டவர் அவருக்குக் கீழே வேலை செய்த அசீசுல் ஹக் என்ற கணித மாணவர். கூடவே தந்திக் குறியீட்டு முறை கண்ட ஹேம் சந்திர போஸ். பல வருடம் கழித்து அரசாங்கம் ஆளுக்கு 5,000 ரூபாயும், ஒருவருக்குக் கான் பகதூர், மற்றவருக்கு ராய் பகதூர் பட்டமும் கொடுத்தது. பெயர் மட்டும் ஹென்றிக்கே போயிற்று. விரலால் ஆளை அறிகிற கலையிலேயே ஆள் மாறாட்டம்!

மச்சாளின் அட்டைக்கு இனி நீண்ட பயணம். ஆர்.சி.எம்.பி. கடதாசி அட்டையை நேரே வாங்காது. கனடாவில் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்று அதை வாங்கி, மின்னணுப் பிரதியாக்கி ஒட்டாவாவுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பிரதி எடுப்பிலும் ஒரு கூத்து இருக்கிறது. ஓர் அங்குலத்துக்கு 500 புள்ளி வீதம் பத்து விரல் அட்டையைப் படமெடுத்தால் சுமார் 10 மெகாபைட் வரும். இப்போது அது ஒன்றுமில்லை. 1990களின் தொடக்கத்தில், கோடிக்கணக்கான அட்டைகளோடு நின்ற எவ்.பி.ஐ.க்கு அது மலை. படத்தைச் சுருக்க வேண்டும். நாம் புகைப்படத்துக்குப் பாவிக்கும் ஜேபெக் முறையில் அவ்வளவு சுருக்கினால் படம் சதுரம் சதுரமாக உடைந்து, கோடுகளின் நுணுக்கம் கரைந்துபோயிற்று. லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்துக் கணிதகாரர்கள் அலைத்துணுக்குக் கணிதத்தை எடுத்து, 15க்கு 1 அளவில் சுருக்கியும் கோடு கெடாத ஒரு முறையைச் செய்து கொடுத்தார்கள். 1993இல் அது தரமாக ஏற்கப்பட்டது. அணுகுண்டு பிறந்த இடத்தில் விரல் நுனிக்கு வைத்தியம்.

ஒட்டாவாவில் கணினி சுழியையும் கண்ணியையும் பார்த்து இரசித்துக்கொண்டிருப்பதில்லை. கோடு எங்கே திடீரென்று முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்ற புள்ளிகளை மட்டும் குறித்துக்கொள்ளும். அந்தப் புள்ளிகளின் இடமும் சாய்வும் பதிவேட்டில் உள்ள யாருடனாவது பொருந்துகிறதா என்று தேடும். பொருந்தவில்லையா, 3 வேலை நாளில் பதில் போய்விடும். வேலைக்காகக் கொடுத்த இந்த விரலை ஆர்.சி.எம்.பி. தன் குற்றப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. எல்லா நாடும் அப்படியல்ல. அமெரிக்காவில் சில வேலைகளுக்கு விண்ணப்பித்தவர்களின் விரல்கள் களஞ்சியத்தில் தங்கிவிடும். 2015 முதல் குற்றவாளிகளைத் தேடும்போது அவையும் சேர்த்தே தேடப்படுகின்றன.

சரி, இலங்கைக் கடதாசிக்கு வருவோம். அது விரலைத் தொடாமலே பிறக்கிறது.

பொலிஸ் றிப்போட் என்றும் கிளியரன்ஸ் என்றும் நாம் சொல்லும் அந்தச் சான்றிதழுக்கு இப்போது இருந்த இடத்திலிருந்தே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கொழும்பிலுள்ள பொலிஸ் தலைமையகம் நீங்கள் கொடுத்த விலாசத்துக்குரிய பொலிஸ் நிலையத்துக்கு விசாரணை அனுப்பும்; பதிவேடுகளிலும் தேடும். இந்தத் தேடல் தொங்கி நிற்பது பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம் என்ற மூன்று ஆணியில். யாழ்ப்பாணத்தில் இந்த மூன்று ஆணியும் எவ்வளவு இறுக்கம் என்று கொஞ்சம் ஆட்டிப் பார்ப்போமா?

பெயர். எங்களிடம் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயரை முன்னுக்கு வைத்து, அதையும் ஓர் எழுத்தாகச் சுருக்கிவிடுகிறோம். க. சிவகுமார் என்று ஒரு ஒழுங்கையில் கூப்பிட்டால் மூன்று வீட்டுக் கதவு திறக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது அவரே பலராகிவிடுவார்: தொடக்கத்தில் எஸ் மட்டுமா எஸ்எச்சா, நடுவில் கேயா சியா, கடைசியில் ஏ ஒன்றா இரண்டா. சிங்களத்தில் பதிந்து அதிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தால் இன்னொரு உருவம். வெளிநாட்டுக்குப் போனாலோ அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகி, ரொறன்ரோவில் எல்லோரும் மகனைப் பார்த்து “மிஸ்டர் கந்தையா” என்பார்கள். கந்தையர் இதைக் கேட்காமலே போய்ச் சேர்ந்திருப்பார்.

அடையாள அட்டை இலக்கம் இவற்றில் நல்ல பிள்ளை. 1972இல் வழங்கத் தொடங்கிய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016இலிருந்து 12 இலக்கம். பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் நீங்கள் பிறந்தது எத்தனையாம் நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த பையனுக்கு 032, பெண்ணுக்கு 532. வயதை மறைக்கிற சின்னம்மாமாரிடம் அட்டையை வாங்கி எட்டிப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இலக்கம் அட்டையைத்தான் சொல்லும். அட்டையை நீட்டுகிற கை யாருடையது என்று சொல்லாது.

விலாசம்தான் எங்கள் மூன்றாவது ஆணி. அதில்தான் சிரிப்பு நின்றுவிடுகிறது. வலிகாமம் வடக்கில் பிறந்தவர் ஒருவரின் விலாசப் பட்டியலைக் கற்பனை செய்து பாருங்கள். 1990இல் ஊரை விட்டு வெளிக்கிட்டு மானிப்பாய்ப் பக்கம் ஒரு வீடு. 1995 ஒக்ரோபர் 30 இரவு எல்லோரோடும் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சி. பிறகு வன்னியில் ஒரு கொட்டில், வவுனியாவில் ஒரு முகாம், வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறை, கடைசியில் சொந்தக் காணிக்குத் திரும்பல். எந்த விதானையார் இதற்கெல்லாம் கடிதம் தருவார்? எந்த வீட்டு இலக்கத்தைப் போடுவது? வீட்டிலுள்ளவர்களின் பட்டியலைப் பொலிஸில் பதிந்து வைத்திருந்த காலம் நினைவுள்ளவர்களுக்குப் ‘பொலிஸ் விசாரணை’ என்ற இரண்டு சொல்லே வயிற்றைக் கலக்கும். விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது அவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இத்தனை இடப்பெயர்விலும் பத்து விரல் மட்டும் ஒரு கோடும் மாறாமல் கூடவே வந்திருக்கிறது. இந்தக் கடதாசிக்கு அதை யாரும் கேட்பதில்லை!

வேடிக்கை என்னவென்றால், குற்றப் பதிவு என்ற பொருளே இந்த நாட்டில் விரலில்தான் நிற்கிறது. 1926ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புக் கட்டளைச் சட்டம் விரலடையாளப் பதிவாளர் என்றே ஒரு பதவியை உண்டாக்கியது. நீதிமன்றத்தில் ஒருவருக்குத் தண்டனை கொடுக்க முதல், முன்பு குற்றவாளியாகக் காணப்பட்டவரா என்று விரலடையாள அறிக்கை கேட்பது இன்றுவரை உள்ள வழக்கம். அதாவது குற்றவாளி என்று சொல்வதற்கு விரல் வேண்டும். குற்றவாளியல்ல என்று சொல்வதற்குப் பெயர் போதும்.

விரல் வருவதற்கு முந்திய காலத்தையும் ஒருதரம் எட்டிப் பார்க்கலாம். 1871இல் இலங்கையில் வீட்டுப் பணியாளர் பதிவுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று வந்தது. சமையல்காரர், ஆயா எல்லோரையும் பதிந்து, ஆளுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். வேலையை விட்டுப் போகும்போது துரையோ துரைசாணியோ அதில் நடத்தை பற்றி எழுதுவார். அடுத்த வீட்டு வேலைக்கு அந்தப் புத்தகம்தான் பொலிஸ் றிப்போட். துரைசாணிக்குக் காலையில் தலையிடி இருந்தால் உங்கள் நடத்தை என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதோடு ஒப்பிட்டால் சுழிக்கும் கண்ணிக்கும் கோபதாபம் கிடையாது. மச்சாளின் அட்டையில் அவள் நல்லவளா, நேரத்துக்கு வருபவளா, கிழவிகளோடு அன்பாகப் பேசுபவளா என்று ஒரு வரியும் இல்லை. பதிவேட்டில் இருக்கும் இன்னொருத்தி அவளல்ல என்பது மட்டும் இருக்கிறது. வேலை தேடுகிற அப்பாவிக்கு வேண்டியதும் அதுதானே.

‘அவன் நானல்ல’ என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1903இல் அமெரிக்காவின் லெவன்வேர்த் சிறைக்கு வில் வெஸ்ட் என்ற ஒருவரைக் கொண்டுவந்தார்கள். முன்பு இங்கே இருந்திருக்கிறாயா என்று கேட்க, இல்லை என்றார். உடம்பை அளவெடுத்துப் பதிவேட்டைத் திறந்தால் அதே அளவில், அதே முகத்தில், வில்லியம் வெஸ்ட். “பார், நீதானே!” ஆனால் வில்லியம் வெஸ்ட் அந்த நேரம் அதே சிறைக்குள்ளேயே இருந்தார். இரண்டு பேருடைய விரலும் வேறு. பிற்காலத்தில் சொன்னவர்கள் இந்தக் கதைக்குக் கொஞ்சம் மெருகு பூசிவிட்டார்கள். ஆள் இரண்டு பேர் என்பது மட்டும் உண்மை. நம்முடைய மூன்று சிவகுமாருக்கும் இதில் ஆறுதல் உண்டு.

அதற்காக விரல் தெய்வமல்ல. 2004 மாட்ரிட் புகையிரதக் குண்டுவெடிப்பில் ஒரு பையில் கிடைத்த பதிவை எவ்.பி.ஐ. கணினியில் போட்டது. கணினி 20 பேரைக் காட்டியது. நான்காவதாக வந்தவர் ஒரேகன் மாநிலத்துச் சட்டத்தரணி பிரண்டன் மேஃபீல்ட். முன்னாள் படையாள் என்பதால் அவருடைய விரல் களஞ்சியத்தில் இருந்தது. நிபுணர்கள் ஒருவர் பின் ஒருவராக “இவர்தான்” என்றார்கள். இரண்டு கிழமை சிறையில் இருந்தார். ஸ்பெயின் பொலிஸார் அது ஓர் அல்ஜீரியருடைய விரல் என்று நிறுவிய பிறகு மன்னிப்பு வந்தது; 2006இல் 20 இலட்சம் டொலர் நட்டஈடும் வந்தது. பையில் தேய்ந்து கிடந்த அரைகுறைப் பதிவு வேறு, மேசையில் ஆறுதலாக உருட்டிய பத்து விரல் வேறு. பின்னதில் இப்படிப் பிழைப்பது மிக அரிது. ஆனாலும் கடைசி வார்த்தை கணினியுடையதல்ல, அதைப் பார்க்கிற ஆளுடையது என்பதை மறக்கக் கூடாது.

இன்னொரு சங்கடம் எங்கள் கைகளிலேயே இருக்கிறது. மச்சாளுக்குப் பின்னால் வரிசையில் இருந்தவர் மேசன். அவருடைய வலதுகையில் உத்தியோகத்தர் பட்ட பாடு! சீமெந்து கோடுகளைத் தின்றுவிடும். வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கிய விரல், வலை இழுத்த விரல், பனை ஏறிய விரல் எல்லாம் இதே நிலைதான். உத்தியோகத்தர் அந்த விரலை அடியிலிருந்து நுனிவரை பிடித்துவிட்டு, இரத்தத்தை நுனிக்கு ஏற்றி, கோடுகளை எழுப்பி, மையை இன்னும் மெல்லிசாக்கி உருட்டினார். சிலருக்குச் சில நாள் கிறீம் பூசி ஓய்வு கொடுத்துவிட்டு வரச் சொல்வாராம். வியர்த்துக் கொட்டும் கைக்கு ஸ்பிரிட். கலியாண வீட்டு மருதோன்றியோடு வந்தால் பிரித்தானிய வீசாக் காரருக்கும் பிடிக்காது. விரல்நுனியில் அலங்காரம் கூடாது என்று முன்னரே சொல்லிவிடுகிறார்கள்.

தேயாமலே கோடு மறைந்துபோன கதைகளும் உண்டு. கெப்பெசிற்றபின் என்ற புற்றுநோய் மருந்து எடுத்த சிங்கப்பூர்க்காரர் ஒருவரை, விரலில் கோடு இல்லை என்று அமெரிக்க விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் இருத்தி வைத்தார்கள்; 2009இல் மருத்துவர்கள் அதை மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறவியிலேயே கோடு இல்லாத சுவிஸ் குடும்பம் ஒன்றின் மரபணுக் காரணம் 2011இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நிலைக்கு வைத்தியர்கள் வைத்த செல்லப்பெயர் ‘குடிவரவுத் தாமத நோய்’!

இலங்கை அரசிடம் விரல் இல்லையா என்றால், இருக்கிறது. 2015 ஓகஸ்ட் முதல் கடவுச்சீட்டுக்கு விரல் வைக்கிறோம். அதற்காக விடிய முதல் வெளிக்கிட்டு வவுனியாவிலோ கொழும்பிலோ வரிசையில் நின்ற நாட்கள் போய், 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே கடவுச்சீட்டு அலுவலகம் திறந்துவிட்டார்கள். கருவிகள் குடாநாட்டுக்குள் வந்தாயிற்று. ஒரு கண்ணாடியில் விரலை வைத்தால் பள்ளம் உள்ள இடத்தில் ஒளி முழுதாகத் திரும்பும், மேடு தொட்ட இடத்தில் திரும்பாது. மேடெல்லாம் கறுப்பாகப் படத்தில் விழும். மையும் வேண்டாம், துணியும் வேண்டாம்.

ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கிற ஒவ்வொருவரையும் விரல் வைக்கச் சொல்லுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. எங்கள் பக்கத்தில் பதிவு என்பது எத்தனை தலைமுறைக்கு எத்தனை விதமாகப் பயன்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். வழி வேறு இடத்தில் இருக்கிறது. கனடாவில் பிள்ளைகளோடும் முதியோரோடும் வேலை செய்ய வருபவரின் பாலினமும் பிறந்த திகதியும், மன்னிப்புப் பெற்ற பாலியல் குற்றவாளி ஒருவருடையதோடு ஒத்துப்போனால் மட்டும் விரல் கேட்பார்கள். பெயரை மாற்றிக்கொண்டு ஒருவர் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகப் பெயரை விட்டுத் திகதியைப் பிடிக்கிறார்கள். விரல் கேட்கிற கடிதத்தைக் கண்டதும் எவருக்கும் நெஞ்சு இடிக்கும். விரலைக் கொடுத்ததும் சந்தேகம் தீர்ந்துவிடும். பிரித்தானியாவில் சான்றிதழ் பெயரிலும் விலாசத்திலும்தான் வருகிறது. “இது நானல்ல” என்று விண்ணப்பதாரர் மறுத்தால் பொலிஸ் நிலையத்தில் விரல் கொடுத்து அதை நிறுவலாம்.

பொலிஸ் தலைமையகத்துக்கு என் வேண்டுகோளும் அதுதான். பெயர் மோதுகிற இடத்தில், விலாசம் பிசகுகிற இடத்தில், விண்ணப்பித்தவர் தானே முன்வந்து விரல் கொடுத்துத் தன்னைத் தெளிவாக்கிக்கொள்ள ஒரு வழி வையுங்கள். அதை யாழ்ப்பாணத்திலேயே, தமிழில் விளங்கப்படுத்துகிற ஒரு மேசையில் வையுங்கள். தேடி முடிந்ததும் அந்தப் பதிவை அழித்துவிட்டு, அழித்தோம் என்று எழுத்தில் கொடுங்கள். மற்றவர்களின் விரலைக் கேட்காதீர்கள்.

வாசகருக்கும் ஒரு வார்த்தை. பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் இன்றைக்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் உங்கள் பெயர் ஒரே எழுத்தில் இல்லையென்றால், வேலை வந்த பிறகு ஓடித் திரியாமல் இப்போதே திருத்தி எடுங்கள்.